வால்வு ரேடியோ பழுதுபார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்த மர்ஃபியையோ பிலிப்ஸையோ கீழே இறக்கித் தூசி தட்டிவிட்டு, "இது இனிமேல் பாடுமா?" என்று கேட்கிறவர்களுக்காக எழுதியது இது. 1950களிலும் 60களிலும் இந்திய வீடுகளில் ஓடிய மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஹெச்.எம்.வி., நேஷனல் எக்கோ போன்ற செட்டுகளே இங்கே கணக்கு. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவை பாடும். பாடாததற்குக் காரணம் உள்ளே எரியும் கண்ணாடிக் குழாயான வால்வு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கண்டென்சராகத்தான் இருக்கும். வால்வைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

பல வருஷம் ஓடாத செட். பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். ஆர்வம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில், உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்துபோயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் அது ஷார்ட் ஆகும். அந்த ஷார்ட் முதலில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வை விழுங்கும், அப்புறம் மெயின்ஸ் (வீட்டு லைன்) டிரான்ஸ்ஃபார்மரை. ஒரு கண்டென்சரோடு போக வேண்டிய செலவு, கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரில் வந்து நிற்கும்.

முதலில் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள். எலி கடித்த வயர், கரையான் மண், பல்லி முட்டை, கறுத்த ரெசிஸ்டன்ஸ், உருகி வழிந்த மெழுகு, இவையெல்லாம் கண்ணுக்கே தெரியும். எலிப் புழுக்கை இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். வயர்களின் ரப்பர் உறையைத் தொட்டால் பொடியாக உதிரலாம். மெயின்ஸ் கார்டு அப்படி இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்து சீரிஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவுக்குப் போகும் லைனில் தொடராக இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பிரகாசமாகி மங்கினால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். ஃபில்டர் கண்டென்சரைச் சோதிக்காமல் இந்த நிலைக்குக்கூட வரவேண்டாம் என்பேன்.

எங்கள் செட் ஏசியா, ஏசி/டிசியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் சேசிஸை (பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டை) தொடவே கூடாது.

கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சேசிஸ் மேல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஏசி செட். வால்வுகளின் பெயர் "ஈ"யில் தொடங்கும்: ஈசிஹெச் 81, ஈபிஎஃப் 89, ஈஎல் 84, ஈஇசட் 80 என்று. எல்லாவற்றுக்கும் ஃபிலமென்ட் 6.3 வோல்ட். யூசிஹெச் 81, யூபிஎஃப் 89, யூசிஎல் 82, யூஒய் 85 என்று "யூ"வில் தொடங்கினால் ஏசி/டிசி செட். அமெரிக்க வகையில் 12 பிஇ 6, 12 பிஏ 6, 35 டபிள்யூ 4 போன்ற பெயர்கள் இருந்தாலும் இதே ரகம்தான். அந்தக் காலத்தில் சில ஊர்களில் டிசி மின்சாரம் வந்ததால், இரண்டிலும் ஓடும்படி டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் இவற்றைச் செய்தார்கள்.

ஆபத்து அங்கேதான். ஏசி/டிசி செட்டில் மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேசிஸோடு இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். குமிழ் கழன்று போய் உலோகத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் செட்டில் வீட்டுக் குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிளக்கைச் சரியாகச் செருகிவிட்டேன் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ரேடியோவின் சுவிட்ச் சேசிஸ் பக்கத்து லைனில் இருந்தால், அணைத்த பிறகும் ஃபிலமென்ட்கள் வழியாகச் சேசிஸுக்கு மின்சாரம் வந்துவிடும்.

ஆகவே, ஏசி/டிசி செட்டில் வேலை செய்ய, லைனிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வேரியாக் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். சாதாரண வேரியாக் வோல்டேஜைக் குறைக்கும், லைனிலிருந்து பிரிக்காது. ஐசொலேஷன் இல்லையென்றால் இந்த வகை செட்டை அனுபவஸ்தரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த செட்டானாலும் இன்னொரு பழக்கம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை ஃபில்டர் கண்டென்சரின் இரு முனைகளில் சில விநாடி பிடித்து, மீட்டரில் சுழியைப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், மேலே சொன்ன சீரிஸ் லேம்ப், கான்டாக்ட் கிளீனர். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவும் பக்கத்தில் இருக்கட்டும், அதற்கு வேலை வரும். எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சில செட்டுகளில் பின் அட்டையின் உள்பக்கம் வால்வுகளின் இடம் குறித்த தாள் ஒட்டியிருக்கும், அதைக் கிழித்துவிடாதீர்கள்.

வால்வு நன்றாக இருக்கிறதா என்று டெஸ்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

ஃபிலமென்ட் தொடர்ச்சியை மீட்டரில் பார்க்கலாம். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு முடிந்தது. வெள்ளியாகவே இருந்தால் நம்பிக்கை உண்டு.

வால்வின் உள்ளே கேத்தோடு எலக்ட்ரானை விடும், பிளேட் அதை வாங்கும், நடுவில் இருக்கும் கிரிட்டும் ஸ்கிரீனும் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வை அளப்பது எளிது. ஈஎல் 84 என்றால் கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் சுமார் 135 ஓம். பிளேட்டிலும் ஸ்கிரீனிலும் 250 வோல்ட் இருக்கும்போது அந்த ரெசிஸ்டன்ஸ் மேல் 7 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 3, 4 வோல்ட்தான் வருகிறது என்றால் வால்வு களைத்துவிட்டது. 10, 12 வோல்ட் வந்தால் வால்வைத் திட்டாதீர்கள், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பெங்களூரின் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்த வால்வுகள் நம் ஊர் செட்டுகளில் நிறைய இருக்கும். ஒழுங்கான வோல்டேஜில் ஓடியவை இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. தூசி படிந்த பழைய வால்வைத் துடைக்கும்போது மட்டும் எழுத்தின் மேல் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து விரல் பட்டாலே அழிந்துவிடும்.

எந்தக் கண்டென்சரை மாற்ற வேண்டும்? எல்லாவற்றையுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். மைக்கா, செராமிக் இரண்டையும் தொடாதீர்கள், அவை பெரும்பாலும் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். மெழுகு பூசின காகிதக் கண்டென்சரும், தார் அடைத்த கறுப்புக் கண்டென்சரும்தான் தொந்தரவு. நம் ஊர் ஈரக்காற்றில் இவை கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் ஆடியோ வால்வின் பிளேட்டிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர், பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட். அதன் ஒரு பக்கம் 80, 100 வோல்ட் டிசி. மறுபக்கம் கிரிட், அங்கே டிசி வரவே கூடாது. கண்டென்சர் கொஞ்சம் கசிந்தால் போதும், கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், வால்வு தன் சக்திக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். முதலில் குரல் கரகரக்கும், பாட்டு கிழிந்த மாதிரி வரும். அப்படியே விட்டால் வால்வும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், ரெக்டிஃபையரும் வரிசையாகப் போகும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கண்டென்சர் ஒன்று செட்டையே காலி பண்ணுவது இப்படித்தான்.

சோதனை: செட் சூடானதும் அவுட்புட் வால்வின் கிரிட்டில் சேசிஸைப் பொறுத்து டிசி வோல்டேஜைப் பாருங்கள். சுழி இருக்க வேண்டும், சில சர்க்யூட்டுகளில் மைனஸ் இருக்கும். ஒரு வோல்ட்டாவது பாசிட்டிவ் காட்டினால், அணைத்து, அந்தக் கண்டென்சரின் கிரிட் பக்க முனையைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். பாசிட்டிவ் போய்விட்டால் கண்டென்சர் கெட்டது. போகாவிட்டால் வால்வின் உள்ளேயே கோளாறு. வால்வை உண்மையாகவே குற்றம் சொல்லக்கூடிய இடங்களில் இது ஒன்று.

உண்மையில் நான் இதை அளந்துகொண்டிருப்பதில்லை. காகித வகையாக இருந்தால் முதல் சுவிட்ச் போடுவதற்கு முன்பே மாற்றிவிடுவேன். 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்கிரீனுக்குப் போகும் 0.05, 0.1, ஏ.வி.சி. (சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும்) லைனில் இருக்கும் 0.05 ஆகியவை அடுத்த வரிசை. ஏ.வி.சி. கண்டென்சர் கசிந்தால் அருகில் இருக்கும் ஸ்டேஷனின் குரல் உடைந்து கேட்கும், வலுவான நிலையத்துக்கு மேஜிக் ஐ (ஸ்டேஷன் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண்) சரியாக மூடாது.

மெயின்ஸுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்குச் சாதாரண வகையைப் போடாதீர்கள், எக்ஸ் 2 என்று அச்சிட்டதுதான் வேண்டும். ஏசி/டிசி செட்டில் ஏரியல், எர்த் முனைகளைச் சேசிஸிலிருந்து பிரிக்கும் கண்டென்சர்கள் ஒய் வகையாக இருக்க வேண்டும். ஏரியல் கம்பியைப் பிடிக்கும் மனிதனின் உயிருக்கு அவைதான் காவல்.

"ம்ம்ம்" என்று ஒரே ஹம்மிங். என்ன செய்ய?

வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். ஹம் அப்படியே இருந்தால் ஃபில்டர் கண்டென்சர். வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் வால்யூம் கன்ட்ரோலின் முன் பக்கத்தில், எர்த் விட்டுப்போன ஷீல்டு வயர் போன்ற இடங்களில் தேடுங்கள். ஸ்டேஷன் பிடிக்கும்போது மட்டும் ஹம் வந்தால் மெயின்ஸில் இருக்கும் கண்டென்சரையும் ஏரியல் எர்த் இணைப்பையும் பாருங்கள்.

ஹம் எந்த சுதியில் இருக்கிறது என்று கேட்கப் பழகினால் இன்னும் நல்லது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, இரண்டு பிளேட் ரெக்டிஃபையர் உள்ள செட்டில் ஃபில்டர் கெட்டால் வருவது 100 ஹெர்ட்ஸ். அதே செட்டில் அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் வந்தால், ஏதோ ஒரு வால்வில் ஃபிலமென்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு இருக்கலாம். ஏசி/டிசி செட்டில் இந்த வித்தியாசம் கிடையாது, அங்கே ஃபில்டர் ஹம்மே 50 ஹெர்ட்ஸ்தான்.

ஃபில்டரை மாற்றும்போது பழைய அலுமினிய டப்பாவைச் சேசிஸிலேயே விட்டுவிட்டு, அதன் வயர்களை முழுக்கக் கழற்றி, புதிய 450 வோல்ட் கண்டென்சர்களை அடியில் கட்டுங்கள். பழையதோடு பேரலலாகக் கட்டுவது தவறு, கசிவு அப்படியே இருக்கும். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 220 மைக்ரோஃபாரட் எல்லாம் போடாதீர்கள். ஈஇசட் 80க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. 47 போதும். இன்னொன்று: சில செட்டுகளில் ஃபில்டரின் நெகட்டிவ் சேசிஸுக்குப் போகாது, டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்குப் போய், அங்கிருந்து ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகச் சேசிஸுக்கு வரும். டப்பாவுக்கு அடியில் இன்சுலேஷன் வளையம் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். சேசிஸில் கட்டிவிட்டால் அவுட்புட் வால்வின் பயஸ் (கிரிட்டுக்கு வேண்டிய மைனஸ் வோல்டேஜ்) கெட்டுவிடும்.

வால்வு எல்லாம் எரிகிறது. சத்தம் மட்டும் இல்லை.

ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எப்போதும் இந்தத் திசைதான்.

ஹெச்.டி. (பிளேட்டுகளுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். சாதாரண ஏசி செட்டில் 200 முதல் 270 வோல்ட். அடுத்து அவுட்புட் வால்வின் பிளேட். ஸ்கிரீனில் வோல்டேஜ் இருந்து பிளேட்டில் இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்துவிட்டது. அப்போது கரண்ட் முழுவதும் ஸ்கிரீன் வழியாகப் போகும், உள்ளே ஒரு கம்பிச்சுருள் சிவந்து தெரியும். உடனே அணைத்துவிடுங்கள்.

பிரைமரி அறுந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நம் ஊரில் ஒரு வழி உண்டு. மைக்செட் கடைகளில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் விற்கிறார்கள். அதில் 2 வாட் முனை கணக்குப்படி 5000 ஓம் ஆகிறது, ஈஎல் 84 கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். டிசி கரண்ட்டைத் தாங்கும்படி செய்தது அல்ல என்பதால் தாழ்ந்த சுதிகள் கொஞ்சம் குறையும். பேச்சுக்கும் பாட்டுக்கும் போதும். அசல் கிடைக்கும்வரை செட் பாடிக்கொண்டிருக்கும்.

பிளேட்டில் வோல்டேஜ் சரி என்றால், 0.01 கண்டென்சர் ஒன்றின் ஒரு முனையை ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தில் சுற்றிப் பிடித்து, மறுமுனையை வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையில் தொடுங்கள். இது ஏசி செட்டில் மட்டும். "கொர்ர்" என்று பலமாகக் கேட்டால் ஆடியோ பக்கம் சரி, கோளாறு அதற்கு முன்னால். கேட்காவிட்டால் முதல் ஆடியோ வால்வின் பிளேட் வோல்டேஜைப் பாருங்கள். அங்கே இருக்கும் 220 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டன்ஸ் காலப்போக்கில் மெகா ஓம் கணக்கில் ஏறிப்போயிருக்கும். பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ் கெட்டால் பெரும்பாலும் மேலேதான் போகும்.

சர்ரென்று இரைச்சல் வருகிறது, ஸ்டேஷன் ஒன்றும் இல்லை.

ஸ்டேஷன் பிடிப்பதற்காகச் செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் நின்றிருக்கலாம். இதற்குத்தான் டிரான்சிஸ்டர் ரேடியோ. வால்வு செட்டை மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். அதன் ஐ.எஃப். (எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) 455 என்றால் உள்ளே ஆசிலேட்டர் 1175ல் ஓட வேண்டும். டிரான்சிஸ்டரை அருகில் வைத்து 1175 பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் அடங்கி, ஒரு சத்தமில்லாத அலை வந்த மாதிரி தெரியும். வால்வு செட்டின் குமிழைத் திருப்பினால் அந்த இடமும் நகரும். அப்படியானால் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது.

இல்லையென்றால் வரிசை இது: பேண்ட் சுவிட்ச் அழுக்கு, ஆசிலேட்டர் பிளேட்டுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ், ஸ்டேஷன் குமிழோடு திரும்பும் கேங் கண்டென்சரின் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவது, அதற்கும் அப்புறம்தான் ஈசிஹெச் 81. மீடியம் வேவில் ஓடி ஷார்ட் வேவில் மட்டும் நின்றால், பேண்ட் சுவிட்சுக்கு அடுத்தபடி வால்வையே பாருங்கள். களைத்த வால்வு உயர்ந்த அலைவரிசையில்தான் முதலில் கைவிடும்.

ஐ.எஃப்.டி.யின் (ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரின்) திருகைக் கொஞ்சம் திருப்பினால் சத்தம் கூடுமாமே?

தயவுசெய்து கை வைக்காதீர்கள். கோளாறு வேறெங்கோ இருக்க, ஐ.எஃப்.டி.யைத் திருகிக் கெடுத்த செட்டுகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் திருகினார், கேட்கவில்லை. மறுபடி இன்னொருவர் திருகினார். ஃபெரைட் மையம் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. கண்டென்சர்களும் ரெசிஸ்டன்ஸ்களும் சரியான பிறகு, சிக்னல் ஜெனரேட்டர் வைத்து, அந்த செட்டுக்குரிய ஐ.எஃப்.பில் செய்ய வேண்டிய கடைசி வேலை அது. அந்த எண்ணும் எல்லா செட்டுக்கும் 455 கிடையாது. பல பிலிப்ஸ் செட்டுகளில் 452.

ஏசி/டிசி செட்டில் ஒரு வால்வும் எரியவில்லை.

எல்லா ஃபிலமென்டும் தொடராக இருக்கும், ஒன்று அறுந்தால் எல்லாம் இருட்டு. வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் டிராப்பிங் ரெசிஸ்டன்ஸ். யூசிஹெச் 81க்கு 19, யூபிஎஃப் 89க்கு 19, யூசிஎல் 82க்கு 50, யூஒய் 85க்கு 38 என்று கூட்டினால் 126 வோல்ட். கரண்ட் 0.1 ஆம்பியர். 230ல் மீதி 104 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டன்ஸ் தின்ன வேண்டும், அதாவது 1000 ஓமுக்குச் சற்று மேல், பத்து வாட்டுக்கும் அதிகமான சூடு. அதனால் 20 வாட்டுக்குக் குறையாத ஒயர்வவுண்ட் போட்டு, மரப்பெட்டியிலிருந்தும் மெழுகுக் கண்டென்சரிலிருந்தும் தள்ளிக் கட்டுங்கள்.

வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறது.

கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்புங்கள். பேண்ட் சுவிட்சுக்கும் அதே வைத்தியம். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கிளீனருக்குப் பிறகும் கரகரத்தால் கன்ட்ரோல் வழியாக டிசி கசிகிறது, அங்கே தொடும் கண்டென்சரை மாற்றுங்கள்.

மேஜிக் ஐ மங்கிப்போய்விட்டது.

அதன் பச்சை ஒளிப்பூச்சு தேய்வது இயற்கை. ஆனால் முதலில் டார்கெட் முனையில் ஹெச்.டி. வருகிறதா பாருங்கள். பிளேட்டுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் சில செட்டுகளில் சாக்கெட்டின் உள்ளேயே ஒளிந்திருக்கும், அதன் மதிப்பு ஏறிப்போயிருந்தால் கண் அசையாது. ஈஎம் 80க்குப் பதில் ரஷ்யாவின் 6 இ 1 பி பொருந்தும், விலையும் தாங்கும். ஈஎம் 34 அரிது, இருட்டறையில் தெரிகிற அளவுக்கு ஒளி இருந்தால் அதோடு திருப்திப்படுங்கள்.

மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

எல்லா வால்வையும் டயல் பல்பையும் கழற்றிவிட்டு சீரிஸ் லேம்பில் போடுங்கள். பல்பு இருட்டாகவோ மிக மங்கலாகவோ இருக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் சுருள்கள் உள்ளே ஒட்டிவிட்டன. காயில் கட்டும் கடையில் கொடுத்துப் புதிதாகச் சுற்றலாம். பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணி, கம்பியின் கனத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நல்ல டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் அதன் டேப்பை (லைன் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் முனையை) 240ல் வையுங்கள். பழைய செட்டுகள் 200லோ 220லோ வைக்கப்பட்டிருக்கும், இன்றைய லைனுக்கு அது அதிகச் சூடு.

ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதில் டயோடு போடலாமா?

வால்வு கிடைக்கிறது என்றால் வேண்டாம். டயோடு உடனே முழு வோல்டேஜைத் தூக்கிவிடும், மற்ற வால்வுகள் சூடாவதற்கு முன்பே கண்டென்சர்கள் 350 வோல்ட்டைப் பார்க்கும்.

எங்கள் தாத்தாவின் செட் பாட்டரியில் ஓடியது. அந்தப் பாட்டரி இப்போது இல்லையே?

மின்சாரம் வராத கிராமங்களில் ஓடிய செட் அது. டிகே 96, டிஎஃப் 96, டிஏஎஃப் 96, டிஎல் 96 என்று "டி"யில் தொடங்கும் நான்கு வால்வுகள் இருக்கும். ஃபிலமென்டுக்கு 1.4 வோல்ட், நான்கும் சேர்ந்து 125 மில்லிஆம்பியர். ஒரு பெரிய டார்ச் செல் போதும். ஹெச்.டி.க்கு 90 வோல்ட், அதற்குப் பத்து 9 வோல்ட் பாட்டரிகளைத் தொடராகக் கட்டலாம். செலவு குறைவுதான், ஆனால் இணைக்கும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். 90 வோல்ட் முனை ஒரு கணம் ஃபிலமென்டில் பட்டால் நான்கு வால்வும் ஒன்றாகப் போய்விடும். செல் முனைகளுக்கும் பாட்டரி முனைகளுக்கும் வேறு வேறு வகைக் கனெக்டர் வைத்து, மாற்றிச் செருகவே முடியாதபடி செய்யுங்கள். வெளிச்சமே தெரியவில்லை, எரிகிறதா என்று கேட்பார்கள். இந்த வால்வுகள் இருட்டிலும் தெரியாத அளவுக்குத்தான் சிவக்கும்.

சரி செய்தாயிற்று. ஒரே இரைச்சலாக இருக்கிறதே?

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதே இடத்தில் பாட்டரி டிரான்சிஸ்டரில் கேட்டுப் பாருங்கள். அது அமைதியாகிவிட்டால் உங்கள் வால்வு ரேடியோ மேல் பழி இல்லை. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் மீடியம் வேவில் குப்பையைக் கொட்டுகின்றன. இந்த ரேடியோக்கள் செய்யப்பட்ட காலத்தில் அவை கிடையாது.

மாடியில் ஐந்தாறு மீட்டர் கம்பியை ஏரியலாகக் கட்டினால் நிலைமை மிகவும் மாறும். சென்னை 'ஏ' 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ். வானொலி நிலையங்கள் மெல்ல எஃப்.எம். பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே செட்டைக் குறை சொல்வதற்கு முன், உங்கள் ஊரில் எது இன்னும் மீடியம் வேவில் வருகிறது என்று டிரான்சிஸ்டரில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் தூரத்து நிலையங்களும் வரும். வால்வு செட்டின் பெருமை இரவில்தான் தெரியும்.

செல்போனை இணைத்துப் பாட்டு கேட்கலாமா?

பின்னால், கிராமஃபோனை இணைப்பதற்காக "பிக்கப்" என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஏசி செட் என்றால் இணைக்கலாம், அந்த அவுட்புட் வால்வின் குரலில் பழைய பாட்டு கேட்பது தனி சுகம். ஏசி/டிசி செட்டில் ஒருபோதும் கூடாது. 230 வோல்ட் நேராகச் செல்போனுக்கும், அதைப் பிடித்த கைக்கும் வரும்.

டயல் கண்ணாடியை எப்படிச் சுத்தம் செய்வது?

முன்பக்கத்தை மட்டும். ஊர்ப் பெயர்களும் மீட்டர் எண்களும் அச்சிட்டிருப்பது பின்பக்கம். ஈரத்துணி பட்டால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும், பிறகு திரும்பக் கிடைக்காது. பின்பக்கத்துக்கு உலர்ந்த மென்மையான பிரஷ், அதுவும் மெல்ல. ஸ்பீக்கர் கோன் கிழிந்திருந்தால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் டிஷ்யூ காகிதமும் போதும்.

உதிரி பாகம் எங்கே வாங்குவது?

கண்டென்சர், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு எங்கும் கிடைக்கும். ஈஎல் 84 கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்காக இன்றும் வெளிநாடுகளில் புதிதாகத் தயாராகிறது. ஈசிஹெச் 81, ஈபிஎஃப் 89 பழைய சரக்குதான். வாங்கும்போது பளபளக்கும் பெட்டியைப் பார்க்காதீர்கள், வெள்ளித் திட்டைப் பாருங்கள். பழைய இரும்புக்கடையில் உடைந்த செட் கிடைத்தால் டிரான்ஸ்ஃபார்மருக்காகவும் குமிழ்களுக்காகவும் வாங்கி வையுங்கள்.

உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இந்த செட்டுகள் பழுதுபார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. நான்கு திருகைக் கழற்றினால் சேசிஸ் கையில் வருகிறது, ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிறது, சாக்கெட்டில் செருகிப் பிடுங்கும்படி வால்வு இருக்கிறது. சில நூறு ரூபாய்க் கண்டென்சரில் எழுந்து நிற்கக்கூடிய ஒன்றைக் குடைந்து வெறும் மரப்பெட்டியாக்கினால், அதை மறுபடி ரேடியோவாக்க யாராலும் முடியாது. இப்போது சரிசெய்ய நேரமோ ஆளோ இல்லையென்றால் அப்படியே துடைத்து, ஈரம் படாத இடத்தில், பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் வீட்டிலேயே ஒருவர் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டு வரலாம்.

சரியான செட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும்?

மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஓட்டினால் உள்ளே சேரும் ஈரமும் காயும். இடி மின்னல் வந்தால் வெளி ஏரியலைக் கழற்றி, செட்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.